சந்திரனில் லம்பம் தோண்டியவர் யார்?



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சந்திரனின் படமொன்றை விரித்துக் காட்டினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அங்கேயும் லம்பம் தோண்டினார்களா?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது, யாமும் நகைத்துவிட்டோம். அதன்பின் பல வாரங்கள் அவன் கை உயரவேயில்லை.

லகாட்டின் பழைய ஈயக் குட்டைகளைக் கண்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்பான்? பள்ளம் என்றால் தோண்டியவர் ஒருவர் வேண்டுமன்றோ?

இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஊக்கும் 1665இல் ஏறக்குறைய இவ்வினாவையே ஆராய்ந்தார். ஈரக் களிமண்ணில் குண்டுகளை விழச் செய்தார்; சந்திரனில் உள்ளவை போன்ற வட்டப் பள்ளங்கள் தோன்றின. ஆயினும், அங்கே வந்து விழுவதற்கு வானில் என்ன இருக்கிறது என ஐயுற்று, சந்திரனின் உள்ளிருந்தெழுந்த கொதிப்பே காரணம் என்று எண்ணினார். விடை அவர் கையிலேயே இருந்தது! விண்கற்கள் மோதியே அப்பள்ளங்களுள் மிகப் பெரும்பாலானவை தோன்றின என்பதை அறிவுலகம் ஏற்க ஏறத்தாழ 300 ஆண்டுகள் சென்றன.

யாம் காட்டிய படம் 'சாந்தக் கடல்' எனும் பகுதியாகும். பாட்டி வடை சுடுவதாக நாம் சொல்லும் கருந்திட்டுகளுள் அதுவும் ஒன்று. பெயர்தான் கடல், ஒரு துளி நீரில்லை. எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளி அது. அங்கே 16 கிலோமீட்டர் அகலமுள்ள பெசல் பள்ளமும், அதன் வடகிழக்கே சாராபாய் பள்ளமும் உள்ளன. இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை விக்ரம் சாராபாய் 1971இல் மறைந்தார். அனைத்துலக வானியல் ஒன்றியம் 1973இல் அவர் பெயரை அதற்குச் சூட்டியது. 2020இல் சந்திரயான்-2 அதனைப் படமெடுத்தது. ஆழம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர், அகலம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். லகாட்டில் ஒரு கரையும் ஈப்போவில் மறுகரையும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் பேராக்கிலும் விண்கல் வீழ்ந்ததுண்டு. லெங்கோங் அருகே புக்கிட் புனோவில் அம்மோதலின் தடயங்களை ஆய்வாளர் கண்டுள்ளனர். மழையும் காடும் அப்பள்ளத்தை மறைத்துவிட்டன. சந்திரனில் மழையுமில்லை, காற்றுமில்லை. ஆதலால் பட்ட வடு அழியாது நிற்கிறது.

இவற்றைப் படித்தறிந்தபின், திடலோரம் ஈரமண் குழைத்து, அம்மாணவன் கையிலேயே கோலியைக் கொடுத்து, "தம்பி, போடு" என்றோம். பள்ளம் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"ஐயா, கோலி உள்ளேயே கிடக்கிறதே. சந்திரனில் விழுந்த கல் எங்கே?"

மோதிய வேகத்தின் வெப்பத்தில் அக்கல்லின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போயிற்று என்று விடையிறுத்தோம். அவன் அடுத்த கோலியைக் கேட்டான்.