வினாப்பட்டியலைப் படித்தீர்களா?

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கொல்கத்தா வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. இந்தப் பருவத்தில் எங்கள் துறை நடத்தும் குறுகிய காலப் பயிற்சியொன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அரசு அலுவலர்கள் அதில் பங்கேற்கிறார்கள். குடும்பச் செலவு ஆய்வுகளின் தரவுகளைக் கொண்டு கொள்கைப் பகுப்பாய்வு செய்ய அவர்களுக்குக் கற்பிக்கிறோம். பயிற்சியின் பெயரிலேயே ‘திறன் மேம்பாடு’ என்ற சொல் இருக்கிறது.

சென்ற வாரம், வகுப்பு முடிந்தபின் ஆப்பிரிக்க அலுவலர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “எங்கள் நாட்டில் தரவைத் திரட்டியவர்கள் நாங்கள். வறுமை அறிக்கையை எழுதியவர்கள் வெளிநாட்டு ஆலோசகர்கள். அதில் ஓர் எண் தவறு என்று எனக்குத் தோன்றியது. ஏன் தவறு என்று சொல்லத் தெரியவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். இந்தப் பயிற்சி முடிந்தால் சொல்லத் தெரியுமா?”

அன்று நாங்கள் கற்பித்தது மென்பொருள் கட்டளைகள். அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. காரணம், நானும் ஒருமுறை அதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில், தேசிய மாதிரி ஆய்வின் 1993-94, 1999-2000 சுற்றுகளை ஒப்பிட்டு, ஏழைக் குடும்பங்களின் உணவுச் செலவு எவ்வாறு மாறியது என்றொரு கட்டுரை வாசித்தேன். அட்டவணைகள் அழகாக இருந்தன. பின்வரிசையில் அமர்ந்திருந்த, ஓய்வுபெற்ற கள அலுவலர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “அந்த இரண்டு ஆண்டுகளின் வினாப்பட்டியலைப் படித்தீர்களா?”

படிக்கவில்லை. அந்த எண்களோடு ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்திருந்தேன். எந்தக் கேள்விக்கு விடையாக அவை பிறந்தன என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு படித்தேன். 1993-94இல் உணவுச் செலவை ‘கடந்த 30 நாட்களில் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டிருந்தார்கள். 1999-2000இல், 7 நாட்களுக்கும் 30 நாட்களுக்குமாக இரண்டு பத்திகளை அருகருகே வைத்து, ஒரே குடும்பத்திடம் இரண்டையும் கேட்டிருந்தார்கள். குறுகிய காலத்தைக் கேட்டால் உணவுச் செலவு கூடுதலாகப் பதிவாகும் என்பது முந்தைய சோதனைச் சுற்றுகளில் தெரிந்திருந்த செய்தி. இரண்டையும் ஒருவரிடமே கேட்டால், விடை சொல்பவரும் எழுதுபவரும் ஒன்றோடொன்று பொருந்துமாறு சரிசெய்துவிட வாய்ப்புண்டு. அதிகாரப்பூர்வ வறுமை விகிதம் 36இலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது இந்தச் சுற்றை வைத்துத்தான். அதில் எவ்வளவு உண்மையான வீழ்ச்சி, எவ்வளவு வினாப்பட்டியலின் விளைவு என்று அபிஜித் சென், சுரேஷ் டெண்டுல்கர், கே. சுந்தரம், ஆங்கஸ் டீட்டன் முதலியோர் பல ஆண்டுகள் வாதிட்டனர். அவர்களுக்குள் முழு உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் அந்த எண்ணை எதிர்த்துக் கேட்கும் ஆற்றல் உள்நாட்டிலேயே இருந்தது. கேட்பதற்குத் தேவையான குடும்பவாரித் தரவும் ஆய்வாளர்களின் கையில் இருந்தது.

என் கட்டுரையைக் கைவிட்டேன். அடுத்த ஆண்டு, புருலியா மாவட்டத்தில் நானே சிறியதோர் ஆய்வு நடத்தினேன். முதல் நாள், ஒரு பெண்மணியிடம் என் அரைகுறை வங்காளத்தில், “கடந்த 30 நாட்களில் கடுகெண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். கூலி கிடைத்த நாளில் சிறு பொட்டலம் வாங்குவார். கிடைக்காத நாளில் வாங்க மாட்டார். மாதம் என்பது மாதச் சம்பளம் வாங்குபவர்களின் கணக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரோடு அரை மணிநேரம் அமர்ந்து, வேலை கிடைத்த நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகே என் படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்ப முடிந்தது. அந்த அரை மணிநேரத்தில் கற்றதை எந்த மென்பொருளும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

இந்த நகரத்தில் அது புதிய பாடமும் அன்று. 1931இல் இங்கே இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், தம் மாதிரி ஆய்வுகளில் ஒரு பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, அவற்றை வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைக்கும் முறையைக் கையாண்டார். இரண்டின் முடிவுகளும் பெரிதும் விலகினால், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். தம் எண்ணைத் தாமே ஐயுறும் ஏற்பாட்டை ஆய்வுக்குள்ளேயே வைத்தார். தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கியபோது நாடு செல்வச் செழிப்பில் இருக்கவில்லை. அதே ஆண்டில்தான் பிற வளரும் நாடுகளின் அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் பன்னாட்டுப் புள்ளியியல் கல்வி மையம் இங்கே அமைந்தது.

அந்த மரபில் வந்த நாமும் பெருமை பேசிவிட்டு நகர முடியாது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரவின் தரத்தைக் காரணம் காட்டி, வெளியிடப் போவதில்லை என்று அரசு 2019இல் அறிவித்தது. தரவில் குறை இருந்திருக்கலாம். 1999-2000 தரவிலும் குறை இருந்தது. அது வெளிவந்ததால்தான் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அந்தக் குறையைக் கண்டு, அளந்து, கற்றார்கள். வெளியிடாத தரவில் எவரும் எதையும் கற்க முடியாது. 2011-12க்குப் பின் 2022-23 சுற்றுதான் நமக்குக் கிடைத்தது. அதிலும் ஒரு குடும்பத்திடம் ஒரே முறை சென்று கேட்பதற்குப் பதிலாக, மூன்று மாதங்களில் மூன்று முறை சென்று கேட்டார்கள். முறை மேம்பட்டிருக்கலாம், ஆனால் இரண்டையும் நேராக ஒப்பிட்டு வறுமைக் கோடு வரைபவர்கள், என் இரண்டாம் ஆண்டுக் கட்டுரையின் பிழையையே மீண்டும் செய்கிறார்கள்.

கொள்கைப் பகுப்பாய்வுத் திறன் என்பதை ஆலோசகர் அறிக்கையாகவோ மென்பொருள் உரிமமாகவோ வாங்கிவிட முடியாது என்றே இப்போது நினைக்கிறேன். ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது பிறந்த வாசற்படி வரை திரும்பி நடக்கத் தெரிந்தவர்கள் ஒரு நாட்டில் போதிய அளவில் இருக்க வேண்டும். அவர்கள் கண்டதைச் சொன்னால் வேலை போகாது என்ற நிலையும் வேண்டும். முதலாவதைப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கலாம். இரண்டாவதை எந்தப் பயிற்சித் திட்டமும் தர இயலாது.

மறுநாள் வகுப்பில் கணினிகளைத் திறக்கச் சொல்லவில்லை. அவரவர் நாட்டு வினாப்பட்டியலை அச்சிட்டு மேசைமேல் வைத்தேன். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவரையொருவர் கேட்டு நிரப்பச் சொன்னேன். அந்த அலுவலர் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, பென்சிலால் ஒரு வரியை வட்டமிட்டார். வீட்டில் விளைந்து வீட்டிலேயே உண்ணப்பட்ட சோளத்தை எந்த விலையில் மதிப்பிட வேண்டும் என்ற குறிப்பு அந்த வரியில் இல்லை. அவர் உறுத்தலாக உணர்ந்த எண் அங்கிருந்து வந்ததா என்பது இன்னும் தெரியாது. ஊர் திரும்பியதும் பழைய படிவங்களை எடுத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

ஆய்வு மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று நீங்கள் திறந்து வைத்திருக்கும் தரவுக்கோப்பின் வினாப்பட்டியலை, இரவுக்குள் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.