தள்ளுபடிப் பலகையும் நாமும்

தமிழாசிரியரைத் தேடி ஊரார் வருவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகவே. திருமண அழைப்பிதழைத் திருத்த வேண்டும்; இரங்கல் தீர்மானம் எழுத வேண்டும்; பள்ளி விழாவில் பேச வேண்டும். 2023-ஆம் ஆண்டு ரமளானுக்கு இரு வாரம் முன்னர், நம் மூத்த சகோதரர் நான்காவது காரணம் ஒன்றோடு வந்தார்.

“தம்பி, கடைக்குத் தள்ளுபடிப் பலகை எழுதணும். தமிழ நீ பாத்துக்க. கணக்கையும் ஒரு பார்வை பாத்துடு” என்றார்.

தாமிரபரணி கடல் சேரும் இடத்திற்கு அண்மையிலுள்ள நம் ஊரில், வாப்பா நாற்பதாண்டுகளுக்கு மேலாக நடத்திவந்த மளிகைக் கடை அது. சாமான் சீட்டை நீட்டினால் நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் பழைய முறையை மாற்றி, வாங்குவோரே அடுக்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறைக்குக் காக்கா அதனைக் கொண்டுவந்திருந்தார். கணினியும், பார்கோடு படிக்கும் கருவியும், பில் அடிக்கும் சிறு இயந்திரமும் வந்துவிட்டன. வாப்பா மட்டும் கல்லாவின் அருகே தம் பழைய மர நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

கணினியில் சலுகைகளுக்கெனத் தனிப் பக்கம் ஒன்று இருந்தது. தள்ளுபடி என்பது ஒன்றே என்று எண்ணியிருந்த நமக்கு அதன் இனங்களைக் கண்டு வியப்பே மிஞ்சியது. இலக்கணத்தில் வேற்றுமை எட்டு என்று மாணவர்க்குக் கற்பித்த நாம், இங்கே அதனினும் மிகுதியான வேற்றுமைகளைக் கண்டோம். விழுக்காட்டுக் கழிவு, ரூபாய்க் கழிவு, ஒன்றுக்கு ஒன்று இலவசம், இரண்டாவதற்குப் பாதி விலை, தேயிலையோடு சர்க்கரை சேர்த்த கூட்டு விலை, மொத்தத் தொகை 1,000 ரூபாயைத் தாண்டினால் 50 ரூபாய் குறைப்பு என்று பட்டியல் நீண்டது. 980 ரூபாயில் நின்ற ஒருவர் இன்னொரு சோப்புக் கட்டியைத் தேடித் திரும்பி நடப்பாரே, அந்த நடைக்காகவே கடைசிச் சலுகை படைக்கப்பட்டது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

கணக்கில் இறங்கியபோதுதான் சொற்களின் மாயம் விளங்கிற்று. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது மூன்றில் ஒரு பங்குக் கழிவு. ‘இரண்டாவது பொருளுக்குப் பாதி விலை’ என்று முழங்கினாலும் மொத்தத்தில் கிடைப்பது 25 விழுக்காடே. 10 விழுக்காட்டின் மேல் மற்றொரு 10 விழுக்காடு ஏறினால் 20 ஆகாது, 19 தான் ஆகும். ஒரு சலுகையின் மேல் இன்னொன்று ஏறலாமா என்று கணினி கேட்கும் கட்டத்தை நாம் கவனியாது விட்டதால், முதல் நாள் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. அவர்கள் மகிழ்ந்தார்கள், காக்கா மகிழவில்லை.

அவருடைய கவலையிலும் பொருள் இருந்தது. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் 10 விழுக்காடு தள்ளினால், ஆதாயம் 20-லிருந்து 10-ஆகச் சுருங்கும். பழைய ஆதாயத்தைக் காண இரு மடங்கு விற்றாக வேண்டும். சர்க்கரை, பருப்பு, எண்ணெய் போன்றவற்றில் ஆதாயம் இதனினும் மெலிது; அங்கே 10 விழுக்காடு தள்ளினால் கைமுதலே கரையும். ஆகவே கடை முழுமைக்கும் ஒரே தள்ளுபடி என்பது ஆகாத காரியம்.

‘இலவசம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் உண்மையில் இலவசம் ஏதுமில்லை, இரு பொருள்கள் ஒரே விலைக்குத் தரப்படுகின்றன என்று 2019 மார்ச்சில் சரக்கு சேவை வரி பற்றிய மத்திய அரசுச் சுற்றறிக்கை ஒன்று விளக்கியது. சொற்பொருள் ஆய்வு தமிழ்த்துறையின் தனியுடைமை என்றிருந்த நமக்கு, வரித்துறையார் அதைச் செய்து முடித்திருந்தது சற்று நாணத்தையே தந்தது.

இனிப் பேரீத்தம்பழத்திற்கு வருவோம். உறையில் அடைத்து வரும் பொருள்களுக்கு அதிகபட்ச விலை அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் அதை மீற முடியாது. பெட்டியைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் பழத்திற்கு அத்தகைய வேலி இல்லை. கிலோ 240 ரூபாய்க்கு விற்றுவந்த பழத்தை 300 என்று உயர்த்தி எழுதி, அதில் 20 விழுக்காடு தள்ளலாம் என்றார் காக்கா. 25 விழுக்காடு ஏற்றி 20 விழுக்காடு இறக்கினால் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வோம் அல்லவா? தாளில் போட்டுப் பார்த்தோம். கணக்கு அழகாகப் பொருந்திற்று. பொருந்தியதில் நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. “நோன்பாளிகளுக்கு எங்கள் அன்பளிப்பு: பேரீத்தம்பழம் 20% தள்ளுபடி” என்று நம் கையாலேயே எழுதினோம். ‘அன்பளிப்பு’ என்ற சொல் நாம் சேர்த்தது. காக்கா கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு, வழக்கமாக வரும் மூதாட்டி ஒருவர் அரைக் கிலோ பழம் வாங்கினார். பில்லைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். “போன வெள்ளிக்கிழமையும் அரைக் கிலோ நூத்தியிருபதுதானே வாப்பா குடுத்தேன்? நீங்க எதத் தள்ளுனீங்க?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. காக்கா கல்லாவிலிருந்து தலை நிமிரவில்லை. நாம் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினோம். அவர் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

வாப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விலையை ஏற்றியது யார் என்று அவர் வினவவில்லை. “பலகைய எழுதுனது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத காவிரிப்பூம்பட்டின வணிகரைப் பட்டினப்பாலையில் கண்டு, ஆண்டுதோறும் வகுப்பில் வியந்து பேசுபவர் நாம். அந்த வினாவிற்கு விடை சொல்ல நமக்கு நெடுநேரம் ஆயிற்று.

இரவு தராவீஹ் தொழுகை முடிந்தபின் காக்காவோடு பேசினோம். பெரிய சாலையில் உள்ள கடைகளெல்லாம் இப்படித்தான் செய்கின்றன, அடுக்குகள் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை நிற்கிறது, பலகை இல்லாவிட்டால் படியேறுவோர் இல்லை என்றார். அவர் சொன்னவற்றுள் பொய் ஒன்றுமில்லை. எனினும் மறுநாள் காலை அவரே பலகையை இறக்கினார். 240 என்ற விலையில் உண்மையாகவே 5 விழுக்காடு குறைத்து 228 என்று எழுதச் சொன்னார். எழுதினோம், அன்பளிப்பு என்ற சொல் இல்லாமல். அந்த ரமளானில் பழம் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவாகவே விற்றது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலாவதி நாள் நெருங்கிய பிஸ்கட்டுகளைக் கூட்டு விலைப் பொதிகளுக்குள் சேர்த்துத் தள்ளிவிடலாம் என்பது கடைப் பையன் ஒருவனின் யோசனை. அதற்கு மட்டும் வாப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்ததென வணிகர் கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் வினவியதையும் அவனுக்கு எடுத்துச் சொன்னார். பின்னர் வாசலருகே ஒரு மேசையைப் போடச் சொல்லி, அந்தப் பொட்டலங்களைத் தம் கையாலேயே அடுக்கினார். “இன்னும் 12 நாளில் காலாவதி ஆகும். ஆகையால் பாதி விலை” என்று நாம் எழுதிய பலகையை இருமுறை வாசித்துவிட்டுத் தலையசைத்தார். விடுதி மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். இரண்டே நாளில் மேசை காலியாயிற்று. ‘ஆகையால்’ என்ற இடைச்சொல் ஒரு கடைக்கு இத்தனை பயன் தரும் என்று எந்த உரையாசிரியரும் நமக்குச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் கணினிக்குள் அடங்கவில்லை. சாமான் வாங்கியவர்க்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாகக் கொடுப்பது வாப்பாவின் நெடுநாள் வழக்கம். அதையும் சலுகைப் பக்கத்தில் ஏற்ற முயன்றோம். விலை 0 என்று இட்டபோதெல்லாம் கணினி ஏற்க மறுத்தது. ஒரு பைசா என்று இடலாமே என்றான் பையன். வாப்பா ஒப்பவில்லை. கறிவேப்பிலைக் கூடை இப்போதும் அவருடைய நாற்காலிக்குக் கீழேதான் இருக்கிறது. இருப்புக் கணக்கில் அது ஏறவே இல்லை.