ஐந்தாவது நகர்வில் கொஞ்சம் நில்லுங்கள்

கட்டுகஸ்தோட்டையில் சனிக்கிழமை செஸ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் இப்போது லண்டன் சிஸ்டத்தோடுதான் வருகிறார்கள். ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம், பிஷப் எஃப்4, எதிரி என்ன ஆடினாலும் அதே அடுக்கு. யூடியூப்பின் கைங்கரியம். கெட்ட ஓப்பனிங் என்று சொல்லமாட்டேன், கார்ல்சனே ஆடியிருக்கிறார். ஆனால் எதிரியின் நகர்வைப் பார்க்காமலே பத்து நகர்வு ஓட்டிவிட அது பிள்ளைக்கு இடம் கொடுக்கிறது. பதினோராவதில் குதிரை பறிபோகும்.

நான் முதலில் கொடுப்பது இத்தாலியன் ஓப்பனிங். கறுப்பு இரண்டு குதிரைகளையும் வெளியே எடுத்ததும் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. சி4 பிஷப்பும் அதுவும் சேர்ந்து எஃப்7ஐக் குறிவைக்கின்றன. அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர காவல் இல்லை. கறுப்பு டி5 தள்ளுகிறது, வெள்ளை அதை வெட்டுகிறது. இங்கேதான் பிள்ளையின் கையைக் கவனிப்பேன். யோசிக்காமல் கறுப்புக் குதிரை டி5ஐ வெட்டப் போகும். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7இல் விழுகிறது. ராஜா அதை எடுத்தே ஆக வேண்டிய நிலை. ராணி எஃப்3இல் செக். ராஜாவுக்கும் டி5 குதிரைக்கும் ஒரே அடி. குதிரையைக் காக்க ராஜா இ6க்கு, பலகை நடுவுக்கு, நடந்து வர வேண்டும். அடுத்து வெள்ளையின் மற்றக் குதிரை சி3க்கு வர, ராஜாவோடு பிணைபட்டு அசைய முடியாமல் நிற்கும் டி5 குதிரை மேல் மூன்றாவது தாக்குதல். 1600ஐ ஒட்டி இத்தாலியர் பொலேரியோ ஆடிய தாக்குதல் இது.

“சேர், அப்ப வெள்ளை வென்றாச்சுதானே?” இல்லை. ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறது. எஞ்சின் வெள்ளைக்குத்தான் சாதகம் சொல்லும். ஆனால் அமெச்சூர் ஆட்டக்காரர் செக் மேல் செக் கொடுக்கத் துடிப்பார். காஸ்லிங் செய்து, டி4 தள்ளி, யானையை இ நிரலுக்குக் கொண்டுவரப் பொறுமை வேண்டும். அதனால் ஒரே நிலையை இரு பக்கமும் மாற்றி ஆட வைப்பேன்.

கறுப்புக்கு நல்ல பதில் டி5ஐ வெட்டாமல் மற்றக் குதிரையை ஏ5க்கு எடுத்து பிஷப்பை விரட்டுவது. ஒரு சிப்பாய் போகும், பதிலுக்கு நேரம் கிடைக்கும். எச்6, இ4 என்று கறுப்பு தள்ளத் தள்ள, வெள்ளையின் அந்த ஒரே குதிரை நாலைந்து நகர்வைத் தின்றுவிடுகிறது. இதனால்தான் ஜெர்மன் மாஸ்டர் தாராஷ் ஜி5 பாய்ச்சலைக் கற்றுக்குட்டி நகர்வு என்று ஏளனம் செய்தார். ஃபிஷரோ 1963இல் அதையே பிஸ்கையருக்கு எதிராக ஆடி, விரட்டப்பட்ட குதிரையை எச்3 மூலைக்கு இழுத்துவைத்தும் வென்றார். யார் சொன்னது சரி என்று பிள்ளைகள் சண்டை பிடிக்கட்டும். அந்தச் சண்டை மனப்பாடத்தை விட மேல்.

அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகாமுராவின் வீடியோக்களை இந்தப் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள். அவருடைய வளர்ப்புத் தந்தை சுனில் வீரமந்திரி இலங்கையர், நியூயோர்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் என்றால் நம்புவதில்லை.

கொழும்புப் போட்டிக்குக் காலை ரயிலில் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தோற்றுவிட்டு வந்தால் புது ஓப்பனிங் கேட்டு என்னிடம் வராதீர்கள். ஸ்கோர் சீட்டைக் கொண்டுவாருங்கள்.