பெல்ட்டு ஏன் கத்துது?

மாமாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு வேனில் இருந்து எடுத்த டீசல் இஞ்சினை உட்கார வைத்த வண்டி. வாடகைக்கு ஓடிய அம்பாசிடர்களில் இப்படி இஞ்சின் மாற்றியவை ஏராளம். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் எங்கள் தெருவுக்கு அதுதான் கதி. கூட்டம் என்றால் தலையில் இரண்டு குழாய் ரேடியாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மைக் செட்டுக்குப் பேட்டரி தாங்கவில்லை என்று, வேறொரு வண்டியின் பெரிய ஆல்டர்நேட்டரை மாமா வாங்கினார். இரும்புப் பட்டையை வெட்டிப் பற்றவைத்து அதை இஞ்சினில் மாட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட்டு கீச்சென்று கத்தும். மைக்கைப் போட்டால் தெருவே காதைப் பொத்தும். டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார் மாமா. பட்டறைக்காரர் பெல்ட்டை இறுக்கினார். ஒரு வாரம் ஓடியது. மறுபடி இறுக்கினார். சோப்பைத் தேய்த்தார். புது பெல்ட்டு போட்டார், அதுவும் தேய்ந்தது. இன்னொன்று போட்டார். இறுக்கி இறுக்கி வாட்டர் பம்ப் பேரிங்கும் போனது. அந்தச் செலவும் மாமா தலையில்தான். கடைசியில் அவர் சொன்னது இது: "ஒங்க ஆளுகளுக்கு வண்டி வச்சு ஓட்டத் தெரியலப்பா."

2013 ஜூன் 30. மேலவளவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். 1997இல் அதே நாளில், தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வந்த குற்றத்துக்காக முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஆண்டுதோறும் நம்மவர்கள் அங்கே கூடுகிறார்கள். வழியில் மாமா மைக்கைப் போட்டார். பெல்ட்டு வழுக்கியது. பேனுக்கும் வாட்டர் பம்புக்கும் ஆல்டர்நேட்டருக்கும் அந்த ஒரே பெல்ட்டுதான். அது வழுக்கினால் இஞ்சினில் தண்ணீர் ஓடாது. சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. ஆவி கிளம்ப, ரோட்டோரம் நிறுத்தினோம்.

பக்கத்து வீட்டில் கேன் நிறையத் தண்ணீர் கேட்டேன். "வண்டிக்கா? புடிச்சுக்கங்க" என்று குழாயைத் திறந்துவிட்டார் அந்த அம்மா. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் தொண்டை வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "எந்த ஊரு? எந்தப் பக்கம்?" என்றார். வண்டிக்குக் கேட்டபோது கேட்காத கேள்வி. பதில் சொன்னேன். செம்பு உள்ளேயே இருந்துவிட்டது.

மைக்கை அணைத்துவிட்டு, உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். எல்லா வண்டியும் முழக்கத்தோடு நுழைந்த இடத்தில் எங்கள் வண்டி மட்டும் ஊமையாக நுழைந்தது. மாமா இறங்கி ஒரு ஓரமாக நின்றார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் சித்தப்பா மகன் மதுரையில் இருந்து வந்திருந்தான். எட்டாம் வகுப்பில் கக்கூசைக் கழுவச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவன். பத்து வருசமாகப் பட்டறை பட்டறையாக "டேய் பயலே" என்று கூப்பிடப்பட்டவன். இஞ்சினை ஓடவிட்டு, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து பெல்ட்டின் உள்பக்கம் தெளித்தான். சத்தம் சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது.

"தொங்கலா இருந்தா தண்ணி பட்டதும் இன்னும் கத்தும்க்கா. அடங்குதுல்ல? அப்ப புல்லி கோணல்."

இஞ்சினை நிறுத்திவிட்டு, அடிப்புல்லி முகத்தில் இருந்து ஆல்டர்நேட்டர் புல்லிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தான். அரைக்கால் அங்குலம் விலகியிருந்தது. பெல்ட்டும் ஒரு பக்கமே தேய்ந்திருந்தது. பிறகு பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்நேட்டர் புல்லியின் பள்ளத்தைக் காட்டினான். அடி கண்ணாடி மாதிரி மின்னியது.

"பெல்ட்டு ரெண்டு பக்கச் சுவத்தைத்தான் கடிக்கணும். அடியில உக்காரவே கூடாது. இந்தப் பள்ளம் அகலம், பெல்ட்டு உள்ள எறங்கிருச்சு. எறங்குனதுக்கப்புறம் எம்புட்டு இறுக்குனாலும் பிடிக்காது. பேரிங்குதான் சாகும்."

பழைய ஆல்டர்நேட்டரின் புல்லி மாமா வீட்டுப் பரணில் கிடந்தது. லேத்தில் கொடுத்து அதன் துளையைப் புது தண்டுக்குத் தகுந்தாற்போல் கடைந்து வாங்கினான். பற்றவைத்த பட்டைக்குப் பின்னால் வாஷர் கொடுத்து, நூல் இரண்டு புல்லியிலும் முழுசாகப் படியும்வரை நகர்த்தினான். புது பெல்ட்டைப் போட்டு, நடுவில் கட்டைவிரலால் அமுக்கினான். அரை அங்குலம் இறங்கியது. "போதும், இதுக்கு மேல இறுக்காதீங்க மாமா. நூறு கிலோமீட்டர் ஓடட்டும். புதுசு கொஞ்சம் தளரும், ஒருக்கா பாத்துக்கலாம்." மைக்கைப் போட்டார் மாமா. பெல்ட்டு மூச்சுவிடவில்லை.

அன்று ராத்திரி, நான் எம்.ஏ. தமிழ் படித்தவள் அல்லவா, அவனிடம் சொன்னேன்: "இது பெரிய உவமைடா தம்பி. நம்மள இறுக்குறானுங்க, கோணல் எங்கயோ இருக்கு." அவன் சிரிக்கவில்லை.

"கவிதை கிவிதை எழுதிராதக்கா. எப்படிச் சரி பண்ணுனேன்னு எழுது. அடி வாங்குனத எழுதுறீங்க, பீ அள்ளுனத எழுதுறீங்க. எழுதணும்தான். எங்களுக்குத் தெரிஞ்சத எப்ப எழுதுவீங்க?"

சுருக்கென்றது. நம் பத்திரிகைகளில் நம்மவர் முதுகின் தழும்பு வந்த அளவுக்கு நம்மவர் கையின் அறிவு வந்ததா? தோலைப் பதப்படுத்தத் தெரிந்தவன், பறையைக் காய்ச்சத் தெரிந்தவன், மடை நீரை அளந்து விடத் தெரிந்தவன், பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்தவள், இவர்கள் எல்லாம் நம் பக்கங்களில் பெரும்பாலும் அடிபட்டவர்களாகத்தான் வருகிறார்கள். "ஒங்க ஆளுகளுக்குத் தெரியல" என்று பட்டறைக்காரர் சொன்னதற்கு, தெரியும் என்று நாம் எழுதி வைத்தோமா?

2014இல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோனது. பிறகு மாமாவும் வண்டியைக் கொடுத்துவிட்டார். தம்பி கேட்டதை இத்தனை வருசம் கழித்து எழுதியிருக்கிறேன். அவன் செய்தது என்னவோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்: முதலில் தண்ணீர், அப்புறம் நூல், அப்புறம் பள்ளம், கடைசியில்தான் இறுக்கம்.