சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கு

ஜனவரி 21
சாப்பாட்டு மணிக்கு முன்பே எல்லோரையும் கட்டிங் பக்கம் கூப்பிட்டார்கள். ஏப்ரலோடு எங்கள் தையல் யூனிட்டைத் திருப்பூர்ப் பக்கம் மாற்றுகிறார்கள். வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், ஹாஸ்டல் உண்டு. மற்றவர்களுக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள். அதே மூச்சில், பிப்ரவரி முதல் ஞாயிறு மாமல்லபுரம் டூர் என்றார்கள். சின்னப் பெண்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. 11 வருஷமாகச் செக்கிங் டேபிள்.

ஜனவரி 22
தூக்கமில்லை.

ஜனவரி 27
டூருக்கு வரவில்லை என்று சொன்னேன். பக்கத்து டேபிள் அக்கா விடவில்லை. "வாடி. இதுக்கப்புறம் எல்லாரும் ஒண்ணா எங்க உக்காரப் போறோம்?" புளிசாதம் என் பொறுப்பு.

பிப்ரவரி 1
செங்கல்பட்டிலிருந்து ஏழு மணிக்கு வேன். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாமல்லபுரத்தில் கூட்டம். 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது ஊரையே துடைத்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் பார்த்த ஊர் இல்லை இது. கலங்கரை விளக்கம் வருவதற்கு முன் ஓலக்கண்ணேசுவரர் கோயில் உச்சியில்தான் கப்பலுக்கு விளக்கு வைத்தார்களாம். பல்லவர் துறைமுகம் இருந்த கடலில் இன்று ஃபைபர் படகுகள். எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். என் மனம் எதிலும் ஒட்டவில்லை.

மதியம், டிரைவர் தன் ஊர்ப்பக்கம் ஒரு கோட்டை இருக்கிறது என்றார். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம். உள்ளே போனதும் எங்கள் சத்தம் தானாக அடங்கிவிட்டது. செங்கல் கோட்டை, டச்சுக்காரர்கள் கட்டியது. இடிந்து கிடந்ததைத் தொல்லியல் துறை எடுத்துக் கட்டியிருக்கிறது. இங்கிருந்து கப்பலேறியது மஸ்லின் என்றார் காவலாளி. சுற்றுப்பட்டு ஊர்த் தறிகளில் நெய்த, மோதிரத்துக்குள் நுழையும் மெல்லிய துணி.

நான் கோட்டைக்குள் இருந்த கிடங்கிலேயே நின்றுவிட்டேன். தறிக்காரர் கொண்டுவந்த துணியை டச்சுக் கம்பெனி அப்படியே வாங்கிக்கொள்ளாது. தரம் பிரிப்பார்கள், மட்டமானதைத் திருப்பிவிடுவார்கள். அப்படியானால் இந்தச் சுவருக்குள் யாரோ ஒருவர், கதவோர வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்து, விட்டுப்போன இழையைத் தேடியிருப்பார். நான் டியூப் லைட்டுக்குக் கீழே சட்டையைத் தூக்கிப் பிடிப்பதுபோல. அவருக்கும் சாயங்காலம் கண் எரிந்திருக்கும். 1781இல் இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். மறு பிப்ரவரியில் இதே கடலில் அவர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சண்டை. அந்த வருஷம் துணி கொண்டுவந்தவர் வாசலில் நின்று என்ன கேட்டிருப்பார்?

காவலாளி பூட்டைத் திறந்து கல்லறைகளைக் காட்டினார். கருங்கல்லில் டச்சு எழுத்து. முன்னூறு வருஷம் தாண்டியும் விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது.

"இதுல தறிக்காரங்க யாராச்சும் இருக்காங்களாண்ணே?" என்றாள் அக்கா.

"இல்லம்மா. அவங்க ஆளுங்க மட்டும்தான்."

கடலோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிசாதத்தில் உப்பு கம்மி. யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2
லைன் டார்கெட் 600. முடித்தோம்.

பிப்ரவரி 8
அக்கா திருப்பூருக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாள் முழுக்க அவளிடம் பேசவில்லை. அவள் மகன் டிப்ளமோ ஃபீஸ் பாக்கி எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 19
பாஸான ஒவ்வொரு பீஸிலும் 14 என்று என் ஸ்டிக்கர் ஒட்டுவேன். பேக்கிங்கில் உரித்துவிடுவார்கள். 11 வருஷமும் அப்படித்தான். இன்று உரித்ததையெல்லாம் குப்பைத் தொட்டியில் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

பிப்ரவரி 20
டீ நேரத்தில் இந்த நோட்டை நீட்டி, கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் பெயர் எழுதச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். சும்மா என்றேன். 22 பேரில் 19 பேர் எழுதினார்கள். அக்கா கடைசியாக எழுதினாள், ஒவ்வொரு எழுத்தாக. தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிறது, அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறாள்.

பிப்ரவரி 24
பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.