அமிர்தகடேஸ்வரர் ஊரில் ஒரு டம்ளர் தண்ணீர்

அறுபது வயசில் மறுபடி தாலி கட்டினால் மற்ற ஊரில் சிரிப்பார்கள். திருக்கடையூரில் அட்சதை போடுவார்கள்! மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் இருக்கிறது ஊர். முகூர்த்த நாளில் பிரகாரத்துக்குள் நுழைந்தால் திரும்பின பக்கமெல்லாம் வழுக்கைத்தலை மாப்பிள்ளைகள். நம் மாப்பிள்ளை எந்த ஹோமத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே அரைமணி ஆகும்.

பாற்கடலில் கடைந்த அமிர்தத்தைத் தேவர்கள் குடத்தோடு இங்கே கொண்டுவந்து, பிள்ளையாரைக் கும்பிட மறந்தார்களாம். அவர் குடத்தை ஒளித்து வைத்தார். அதனால் அவர் 'கள்ள வாரணப் பிள்ளையார்'. அப்புறம் குடமே லிங்கமானது. அமிர்தகடம், அமிர்தகடேஸ்வரர்.

சாமி பெயரில் அமிர்தம். ஊர் அடித் தண்ணீரிலோ உப்பு! பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, ஒரு கை பம்ப்பில் தண்ணீர் பிடித்து வாயில் விட்டேன். விட்ட வேகத்தில் துப்பினேன். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். இந்தக் கரையோரம் பல இடங்களில் நிலத்தடி நீர் கரிப்புதான்.

பக்கத்தில் நின்றவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சம்பந்தி வகை. பென்னாகரம் பக்கம் சொந்த ஊர், ஓசூரில் வேலை, இருபத்தெட்டு வயசு.

"உங்க ஊர் தண்ணி யோக்கியன் சார். கெட்டவன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுது. எங்க ஊர் போர் தண்ணி சிரிச்சுப் பேசியே கழுத்தறுக்கும்!"

சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார். மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். "பாக்குப் போடுவீங்களான்னு பொண்ணு பார்க்கப் போன இடத்துல கேட்டாங்க சார். சிகரெட்கூடத் தொட்டதில்லை."

ஃபுளோரைடு! தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூமிக்கடியில் கெட்டிப் பாறை. அதன் விரிசல்களில் பல காலம் தங்குகிற தண்ணீர், பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியில் வித்தியாசமில்லை. நாக்கு என்கிற இன்ஸ்பெக்டரை ஏமாற்றிவிட்டு உள்ளே போய்விடும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே, இதற்காகவே சொன்னது போல இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பல் சொத்தையைத் தடுக்கும். பற்பசையில் சேர்ப்பது அதற்குத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வம்பு. பல் உருவாகிற சின்ன வயசில் குடித்தால் பல்லில் கறை விழும். அதைவிட அதிகமாக, வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகும், முதுகு வளையும். வளைந்த எலும்பை நிமிர்த்த மருந்து கிடையாது. இந்தியாவில் இந்த நோயை முதலில் எழுதிவைத்தது 1937-ல், அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஆர்ப்பாட்டமாகக் குதிக்கிற ஒகேனக்கல், அந்தப் பென்னாகரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது! ஆறு கண்ணெதிரே ஓடியது, ஜனங்கள் போர் தண்ணீர் குடித்தார்கள். அந்த ஆறு மேட்டூர், திருச்சி என்று சுற்றி, இந்தத் திருக்கடையூருக்கு வடக்கே பூம்புகாரில் கடலில் விழுகிறது. ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய் திட்டமாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு அடிக்கல் நட்டது 2008-ல், திறந்தது 2013-ல். திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருந்தது.

"எங்க அக்கா பையன் 2014-ல பொறந்தான் சார். காவிரித் தண்ணிதான். பல்லு முல்லைப்பூ மாதிரி இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் வாயைப் பொத்த மறந்துவிட்டார்.

லோன் போட்டு மனை வாங்கி போர் போடப் போகும் நண்பர்களே! உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்து நீரோட்டம் பார்க்கிறீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் வந்ததும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். ஆர்.ஓ. மெஷின் பிரித்தெடுக்கும், சாதாரண கேண்டில் ஃபில்டர் பிரிக்காது.

தண்ணீர் இருக்கிறதா என்று வேண்டுமானால் தேங்காய் சொல்லட்டும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது!