மிட்டுவின் படம்

மிட்டு பச்சை நிற பட்ஜரிகர் பறவை. 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்பார்களே, அந்தக் குட்டிக் கிளிதான். தம்பி அதை இரண்டு வருடம் வளர்த்தான். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க இடைஞ்சலாகக் கத்துகிறது என்று, கூண்டைக் கூடத்திலிருந்து பின்தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னவள் நான். மூன்றாம் நாள் இரவெல்லாம் மழை. விடிந்து பார்த்தபோது மிட்டு கூண்டின் அடியில் கிடந்தது. தம்பி என்னைத் திட்டவில்லை. "மிட்டுவை வரைந்து கொடு, அக்கா" என்றான். திட்டியிருக்கலாம்.

அப்பாவின் கைப்பேசியில் அறுபது படங்களுக்கு மேல் இருந்தன. பெரும்பாலானவை நின்றபடி மேலிருந்து எடுத்தவை. தலை பெருத்து, வால் குட்டையாகத் தெரிந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றில் இறகுகளின் நிழலே இல்லை. காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. ஆகவே கண்ணை ஒரு படத்திலிருந்தும் உடலை இன்னொன்றிலிருந்தும் எடுத்து வரைந்தேன். "இது மிட்டு இல்லை" என்றான் தம்பி. எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் கவனித்தேன். அந்தக் கண் மிட்டு குஞ்சாக இருந்தபோது எடுத்தது. குஞ்சுக்குக் கண் முழுவதும் கறுப்பு. வளர்ந்த பின்தான் கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும்.

கடைசியில், கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் மிட்டுவின் கண்மட்டத்துக்குக் குனிந்து தம்பி எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டேன். சற்று மங்கல்தான். ஆனால் கண்ணில் ஒளிப்புள்ளி இருந்தது.

பின்னணிக்கு அருவியும் அடர்ந்த காடும் தீட்டினேன், காலண்டர் படம் மாதிரி! பச்சைக்குள் பச்சை மறைந்துபோயிற்று. பட்ஜரிகரின் தாயகமோ ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள். ஓவிய வகுப்பு சிஸ்டர் சிரித்துவிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். டச்சு ஓவியர் ஃபப்ரீஷியஸ் 1654-இல் தீட்டிய கோல்ட்ஃபிஞ்ச் பறவை. காலில் மெல்லிய சங்கிலி. பின்னால் வெளுத்த சுவர், அதில் பறவையின் நிழல். அவ்வளவே.

வீட்டுக்கு வந்ததும் கூண்டு தொங்கிய இடத்தைப் பார்த்தேன். வெளிர் நீலச் சுவர், ஓர் ஆணி, மிட்டு குளித்துத் தெறித்த தண்ணீர்க் கறை. மூன்றையும் விடாமல் வரைந்தேன்.

தம்பி நெடுநேரம் பார்த்தான். வால் இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும் என்றான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடிந்தது, அவனிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராமலே இருந்தது. வாலை நீட்டிக்கொண்டே, "நான் கூண்டை மாற்றச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றேன்.

"சாரல் அடிக்காத இடம் என்று நினைத்துத்தான் அங்கே வைத்தேன், அக்கா" என்றான் அவன்.

படம் இப்போது அந்த ஆணியில் தொங்குகிறது.